வியாபாரியின் வாளி

நண்பர்களே, இடைக்கால இஸ்லாமிய உலோகக் கலை என்றால் சுல்தான்களையும் அரண்மனைகளையும்தான் நினைக்கிறோம். நான் பேச வந்திருப்பது ஒரு வியாபாரிக்குக் கிடைத்த வாளியைப் பற்றி.

உயரம் 18 செ.மீ.தான். இன்றைய ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரத்து வேலை. ஹிஜ்ரி 559, முஹர்ரம் மாதம். நம் கணக்கில் 1163 டிசம்பர். இப்போது இருப்பது ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில். முன்பு அதை வைத்திருந்த பிரபுவின் பெயரால் பாப்ரின்ஸ்கி வாளி என்கிறார்கள். ஹம்மாமுக்கு, அதாவது குளியல் கூடத்துக்கு எடுத்துப்போக என்பது பலரின் கருத்து.

விளிம்பில் ஓடும் பாரசீக எழுத்தைப் படித்தால் ரசீது மாதிரி இருக்கிறது. செய்யச் சொன்னவர் அப்துர் ரஹ்மான். உருவாக்கியவர் முகம்மது இப்னு அப்துல் வாஹித். அலங்கார வேலை ஹெராத்தைச் சேர்ந்த மசூத் இப்னு அஹ்மத். பெறுகிறவர் சன்ஜான் ஊர் ரஷீதுத்தீன் அஜீஸி, ‘வணிகர்களின் பெருமை’. கூலி எவ்வளவு என்பது ஒன்றுதான் பாக்கி!

இந்த மசூத்தின் வேலையைக் கவனியுங்கள். உளியால் பள்ளம் வெட்டி, அதன் ஓரத்தை உள்பக்கமாகச் சரித்து, வெள்ளித் தகட்டையும் செம்பையும் வைத்துத் தட்டிவிடுவார்கள். பற்றவைப்பே கிடையாது, சரிந்த ஓரம் கவ்விக்கொள்ளும். அப்படிப் பதித்த பட்டைகளில் குதிரை வீரர்கள், இசைக் கலைஞர்கள், குடித்துக் களிப்பவர்கள். ஒரு பட்டையில் எழுத்துகளே மனித உருவங்களாக நிமிர்ந்து நிற்கின்றன. இஸ்லாமியக் கலையில் உருவமே வரைய மாட்டார்கள் என்று சொல்பவர்களை இந்த வாளியின் முன் நிறுத்த வேண்டும்.

பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் மார்க்கச் சட்டம் தடுத்தது. மலிவான உலோகத்தில் கொஞ்சம் வெள்ளி பதித்தால் பளபளப்பும் கிடைக்கும், மனசாட்சியும் அதிகம் உறுத்தாது. இந்தக் கலை செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

இதற்கு நேர் எதிர், பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள பெரிய பித்தளைத் தொட்டி. எகிப்தையும் சிரியாவையும் மம்லூக் சுல்தான்கள் ஆண்ட காலத்தது. ‘புனித லூயியின் ஞானஸ்நானத் தொட்டி’ என்று பெயர். அந்த லூயி, பிரான்ஸின் மன்னர், இறந்தது 1270இல். தொட்டியோ 14ஆம் நூற்றாண்டில் செய்தது! ஆனால் 1606இல் பதின்மூன்றாம் லூயிக்கு ஞானஸ்நானம் கொடுக்க அது பயன்பட்டது உண்மை. யார் செய்யச் சொன்னார், யாருக்காக என்று அதில் ஒரு வரி இல்லை. செய்தவர் பெயர் மட்டும், முகம்மது இப்னு அஸ்ஸைன் என்று ஆறு இடங்களில் இருக்கிறது. தொட்டியில் செதுக்கிய சிம்மாசனத்தில்கூட எழுதிவைத்திருக்கிறார், மனிதர். அவர் கையெழுத்திட்ட கிண்ணம் ஒன்றும் அதே லூவரில்தான் இருக்கிறது.