வீடு திரும்பிய பிறகு: மனநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகிறது?

[காட்சி: பாலக்கோடு அருகே ஒரு வீடு. அலமாரியின் மேல்தட்டில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை.]

வணக்கம். மனநோய்க்குச் சிகிச்சை பெற்று, தேறி, வீடு திரும்பிய ஒருவரின் அடுத்த சில ஆண்டுகளைப் பற்றியது இந்தக் காணொளி. நோய் முற்றியிருக்கும்போது குடும்பம் முழுவதும் ஓடி வந்து நிற்கிறது. நோய் தணிந்த பிறகுதான் கவனம் தளர்கிறது. மறுபடியும் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலைமைக்கு வித்து பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் விழுகிறது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஐடிஐ முடித்து ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் இருபத்து நான்கு வயது இளைஞர். யாருமே இல்லாத அறையில் தன்னைத் திட்டும் குரல்கள் அவருக்குக் கேட்கின்றன. சோற்றில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். காத்து கருப்பு பட்டிருக்கும் என்று மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். குறையாததால் மருத்துவரிடம் வருகிறார்கள். ஸ்கிசோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய் என்று தெரிகிறது. மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் குரல்கள் அடங்குகின்றன, தூக்கம் வருகிறது, பிறகு வேலைக்கும் போகத் தொடங்குகிறார். ஆறு மாதம் கழித்து அவருடைய அம்மா கேட்கிறார்: “நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மாத்திரை?”

மாத்திரையை நிறுத்துகிறார்கள். மறுநாள் எதுவும் நடப்பதில்லை. அடுத்த வாரமும் நடப்பதில்லை. மாத்திரையால் வந்த மந்தம் விலகுவதால் முன்பைவிடச் சுறுசுறுப்பாகவும் தெரிகிறார். தாங்கள் எடுத்த முடிவு சரி என்று குடும்பம் உறுதியாக நம்பிவிடுகிறது. இரண்டு மாதமோ, எட்டு மாதமோ கழித்துக் குரல்கள் திரும்ப வரும்போது, பழி மாத்திரையை நிறுத்தியதன் மேல் விழுவதில்லை. வேலை இடத்துச் சண்டை மேலும், பங்காளிகள் வைத்த செய்வினை மேலும் விழுகிறது. நிறுத்திய நாளுக்கும் நோய் திரும்பும் நாளுக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளிதான் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாரையும் ஏமாற்றுகிறது.

மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் செயல்பாடு மிகுந்துபோவது, குரல் கேட்பதற்கும் பொய்யான சந்தேகங்களுக்கும் ஒரு முக்கியக் காரணம் என்று அறியப்பட்டிருக்கிறது. மாத்திரை அந்த மிகுதியை அடக்கி வைக்கிறது. மிகுந்துபோகும் தன்மையை வேரோடு எடுத்துவிடுவதில்லை. நோய் மீளும் வாய்ப்பைப் பற்றி 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் நூற்றுக்கு 27 பேர். மருந்துக்குப் பதிலாக, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 பேர். இந்தக் கணக்கை மறைக்காமல் முழுதாகவே சொல்ல வேண்டும்: மருந்து எடுத்தும் சிலருக்கு நோய் திரும்புகிறது, எடுக்காமலும் சிலர் தப்பிக்கிறார்கள். அந்தச் சிலரில் நம் வீட்டுப் பிள்ளையும் ஒருவர் என்று பந்தயம் கட்ட நமக்கு எந்த ஆதாரமும் இல்லை.

[காட்சி: கிராமச் சாலை. பையுடன் வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்.]

வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். இப்போது இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது ஊரில் யாருக்கும் கூச்சமான காரியம் அல்ல. அழுத்தம் 120க்கு இறங்கிவிட்டது, இனி மாத்திரை வேண்டாம் என்று சொல்பவரிடம், மாத்திரையால்தானே இறங்கியது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியே விளக்கிவிடுவார். மனநோய் மாத்திரைக்கும் அதே நியாயம்தான் பொருந்தும்.

ஆனாலும் மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். அவர்களுடைய உடம்பில் நடப்பதை அவர்கள் சொல்லும்போது நாம் கேட்பதில்லை. ஓலான்சபின் எடுப்பவருக்குப் பசி அடங்காமல் எடை ஏறும், சர்க்கரையும் கூடலாம். ரிஸ்பெரிடோன் எடுக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகலாம் அல்லது நின்றே போகலாம். அதைக் கர்ப்பம் என்றோ தோஷம் என்றோ வீட்டில் பேச்சு கிளம்பினால், அந்தப் பெண் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைக் குப்பையில் போடுவார். சிலருக்குக் கைகால் இறுகி நடுங்கும். இன்னும் சிலரால் ஓரிடத்தில் உட்காரவே முடியாது. கால்கள் தாமாகவே அலைபாய, வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள். இதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று பயந்துபோகிறோம், ஆனால் இது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு: அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், எடுக்கும் நேரத்தை மாற்றலாம், தினமும் விழுங்க முடியாதவருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. அதனால் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, “மாத்திரை ஒத்துக்கொள்கிறதா?” என்று அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், மாதவிலக்கு, மலச்சிக்கல், தாம்பத்திய உறவில் வரும் குறைபாடு உட்பட எல்லாவற்றையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைப்பதற்கும் முறை உண்டு. அதை மருத்துவரின் கண்காணிப்பில், சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும்.

இருமுனை மனநோய் எனப்படும் பைபோலார் உள்ளவர்களுக்கு நம் பகுதியின் தொழில்கள் தனிச் சோதனை வைக்கின்றன. சில காலம் அளவுகடந்த உற்சாகம், சில காலம் ஆழ்ந்த மனச்சோர்வு என்று மாறிமாறி வரும் இந்த நோயில், தூக்கம் கெடுவதே உற்சாகக் கட்டத்தைத் தூண்டிவிடக்கூடும். பட்டுப்புழு வளர்க்கும் வீட்டில் கடைசிப் பருவத்துப் புழுக்களுக்குத் தழை போடப் பின்னிரவிலும் எழ வேண்டியிருக்கும். தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் இருக்கும். அந்த வேலையைக் குடும்பத்தில் வேறொருவர் ஏற்பதும், பகல் ஷிஃப்ட் கேட்டு மருத்துவரிடம் கடிதம் வாங்குவதும் சலுகை அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

இந்த நோய்க்குத் தரும் லித்தியம் மருந்தைப் பற்றியும் கட்டாயம் சொல்ல வேண்டும். பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே தூரம் குறைவு என்பதால், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் மாந்தோப்பில் காய் பறிப்பவர் வியர்த்துக் கொட்டி, போதிய தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். முதுகுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் மாத்திரைகளும் அதை ஏற்றிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பலமாக நடுங்குதல், நடை தள்ளாடுதல், பேச்சு குழறுதல் ஆகியவை தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

[காட்சி: மாலை நேரம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர். உள்ளே அப்பாவின் குரல்.]

மருந்துக்கு அடுத்தபடியாக எடை மிகுந்தது வீட்டில் பேசும் பேச்சு. சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இங்கிலாந்தில் நடத்தி 1972இல் வெளியிட்ட ஆய்வு, ஓயாத குறை கூறலும் வெறுப்பும் அளவு மீறிய தலையீடும் உள்ள வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் அதிகமாக மீண்டது என்று காட்டியது. நோயைக் குடும்பம் உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. அப்படிச் சொல்லி ஒரு தாயைக் குற்றவாளி ஆக்குவதை நான் ஏற்கமாட்டேன். “சும்மா படுத்துக்கிட்டே இருக்கான், சோம்பேறி” என்று அப்பா தினமும் சொல்வதற்குப் பின்னால் அவருடைய களைப்பும் பயமும் இருக்கின்றன. ஆனால் மனச்சிதைவு நோயில் குரல்கள் அடங்கிய பிறகும், எதையும் தொடங்கும் உந்துதல் இல்லாமல் போவது நோயின் மற்றொரு பாதியாக நீண்ட நாள் நிற்கும். அதைத் திட்டிப் போக்க முடியாது. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, தக்காளியைத் தரம் பிரிப்பது என்று ஒரு சிறு வேலையை ஒரு நேரத்தில் சொல்லி, முடிந்ததும் அதைக் கவனித்து இரண்டு வார்த்தை சொன்னால், சில மாதங்களில் மாற்றம் தெரியக்கூடும்.

நோய் திரும்புவதற்கு முன் பெரும்பாலும் ஒருவருக்கு ஒரே மாதிரியான அறிகுறிகள் தலைகாட்டும். ஒருவர் இரவில் எழுந்து நடப்பார், இன்னொருவர் குளிப்பதை விடுவார், வேறொருவர் செல்போனை ஒளித்து வைப்பார். அவர் நலமாக இருக்கும் நாளில் அவரையே கேட்டு அந்த அறிகுறிகளை ஒரு தாளில் எழுதி, மாத்திரை டப்பாவுடன் வையுங்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்துகளையும் மீதி மாத்திரைகளையும் பூட்டி வைத்துச் சாவியை வேறொருவர் வைத்திருப்பது நல்லது. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள்.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்ற யோசனையால் இரண்டு உயிர்கள் தவிக்கும். கோயிலுக்குப் போகலாம், விரதம் இருக்கலாம். அந்த நாட்களில் மாத்திரையை எப்படி எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டால் போதும். சங்கிலியால் கட்டுவது மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில், கட்டப்பட்டிருந்த நிலையில் 28 பேர் தீயில் இறந்தார்கள். மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

[காட்சி: திரையில் பெரிய எழுத்தில் 14416.]

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கும். உயர் சிகிச்சைக்குப் பெங்களூருவின் தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இருப்பதும் ஓசூர் சாலையில்தான். கட்டட வேலைக்காகப் பெங்களூருக்கு வாரக்கணக்கில் போகிறவர்கள், தங்கும் நாட்களைவிடப் பத்து நாளுக்கு அதிகமான மாத்திரையையும் மருந்துச் சீட்டின் நகலையும் எடுத்துச் செல்லட்டும். நீண்ட நாள் பாதிப்பு இருந்தால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. நள்ளிரவில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால், டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நோயாளியை உடனிருந்து பார்த்துக்கொள்பவரும், தமக்குத் தூக்கம் வராத இரவில், அதே எண்ணை அழைக்கலாம்.