சந்தேகம் வந்தால் முதலில் யாரிடம் கேட்பது?

வணக்கம் நேயர்களே. கட்டினவருக்கோ காதலிக்கிறவருக்கோ வேறு ஒருத்தரோடு தொடர்பு இருக்குமோ என்கிற சந்தேகத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். மார்த்தாண்டத்தில் என்னிடம் குடும்ப ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் இந்தப் பாரத்தோடுதான் வருகிறார்கள். மாமியிடம் சொல்லியிருப்பார்கள், மைனியிடம் சொல்லியிருப்பார்கள், பக்கத்து வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். கேட்க வேண்டிய ஆளிடம் மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நம்ம குமரி மாவட்டத்தில் இது இன்னும் கஷ்டம். எத்தனையோ வீடுகளில் ஆள் வளைகுடாவில். கடற்கரை ஊர்களில் ஆழ்கடலுக்குப் போன படகு திரும்ப வாரக்கணக்காகும், கரை மறைந்தால் போனில் சிக்னலும் கிடையாது. முகம் பார்த்துப் பேச வழியில்லாதபோது வாட்ஸப்பில் தெரிகிற 'லாஸ்ட் சீன்' நேரம்தான் சாட்சியாகிவிடுகிறது. துபாயில் வாட்ஸப் கால் பேச முடியாது, அதற்காக வேறு ஆப் போட்டிருப்பதைப் பார்த்தே அழுதவர்கள் உண்டு.

கருங்கல் பக்கத்தில் இருந்து ஒரு தங்கச்சி வந்தாள். மாப்பிள்ளை சவூதியில், தம்மாமில். அவள் கொண்டுவந்தது ஒரு மாதக் காலண்டர். பால் கணக்கு எழுதுகிற கட்டத்தின் ஓரத்தில், ஒவ்வொரு நாளும் அவர் கடைசியாக ஆன்லைனில் இருந்த நேரத்தைப் பென்சிலால் குறித்திருந்தாள். 1.40, 2.05, 1.55. "எங்கிட்ட பதினோரு மணிக்கே தூக்கம் வருதுன்னு வச்சிட்டு, ரெண்டு மணி வரைக்கும் யாருகிட்ட பேசுது?" என்று கேட்டாள். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், இங்கே இரண்டு என்றால் அங்கே பதினொன்றரைதான் என்றேன். அவள் சட்டென்று, "அப்போ எங்கிட்ட தூக்கம் வருதுன்னு சொன்னது எட்டரைக்கா அக்கா?" என்றாள். நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை அவரிடமே கேள் என்றேன். வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு நாள், வீடியோ காலில். கத்த வேண்டாம், யார் அவ என்றும் ஆரம்பிக்க வேண்டாம். நான் பார்த்தது இது, எனக்குப் பயமாக இருக்கிறது, என்னவென்று சொல்லுங்கள், அவ்வளவுதான்.

கேட்டாள். அவர் அழுதுவிட்டார். வேலை போய்விட்டது, வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, ராத்திரி எல்லாம் கூட்டாளிகளிடம் வேறு வேலைக்குக் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார். மறைத்தது உண்மை. ஆனால் மறைத்தது பெண்ணை அல்ல. இதற்குள் இவளுடைய அண்ணன், அவருடைய ரூமுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கத் தயாராகியிருந்தார். அது நடந்திருந்தால் அந்த மனுஷன் ஊர்ப்பக்கம் எப்படி வருவார்?

எல்லாம் இப்படி முடியும் என்று சொல்லவில்லை. கேட்டபோது ஆமாம் என்று பதில் வந்த வீடுகளும் உண்டு. அங்கேயும் கேட்டது நல்லதுதான், அடுத்து என்ன என்று அவர்களால் முடிவெடுக்க முடிந்தது. கேட்கும்போதெல்லாம் கதை மாறுகிறது, உனக்குச் சந்தேக புத்தி என்று உங்கள் மேலேயே திருப்புகிறார் என்றால், உங்கள் கண்ணை நம்புங்கள்.

போனைத் திருட்டுத்தனமாகப் பார்க்காதீர்கள். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், காதலிக்கிற பிள்ளைகளிடம் இன்னும் அழுத்திச் சொல்வேன். அவருடைய வாட்ஸப்பை உங்கள் போனில் இணைத்து வைத்தால் கிடைப்பது பாதிப் பேச்சு, மீதியை உங்கள் பயம் எழுதும். அப்புறம் நீங்கள் கேட்கப் போகிற அன்றைக்கு, என் போனை ஏன் எடுத்தாய் என்பதிலேயே பேச்சு முடிந்துவிடும். பாஸ்வேர்டு கொடுத்தால்தான் நம்புவேன் என்கிற பையனுக்கு, கொடுத்த பிறகும் நம்பிக்கை வருவதில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கள்ளத் தொடர்பைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, அதற்காக யாரையும் ஜெயிலில் போட முடியாது. விவாகரத்துக்குக் கள்ளத் தொடர்பு இன்னும் காரணம்தான், இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும். தொடர்பு உண்மை என்று தெரிந்தால், வெட்கப்படாமல் அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையத்துக்குப் போய் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இலவசம். சந்தேகத்தின் பேரில் வீட்டில் அடி விழுகிறதென்றால், பெண்கள் 181-க்குக் கூப்பிடலாம், 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பிள்ளைகள் காதில் இது விழாமல் பார்த்துக்கொள்வது பற்றியும் பேச இருந்தேன், முடியவில்லை. வணக்கம்.