பட்டம் பறக்கும் அத்தியாயத்தில் கொஞ்சம் நில்லுங்கள்

வணக்கம். இலக்கியம் கற்பிக்கிறவர்களும் படிக்கிறவர்களும் கலந்து உட்கார்ந்திருக்கிற அவை இது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங்கின் 'பெட் செமட்டரி' நாவலைப் பல வருடங்களாக வகுப்பில் நடத்துகிறேன். பேய்க்கதையைப் போய்ப் பாடமாக வைப்பதா என்று இன்னமும் கேட்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனின் மனதுக்குள் இவ்வளவு தூரம் இறங்கிப் போன நாவல்களை நான் அதிகம் படித்ததில்லை. என் பதில் அவ்வளவுதான்.

முதலில் அது பிறந்த இடத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், தான் படித்த பல்கலைக்கழகத்திலேயே 1978-79ல் கிங் பாடம் நடத்தினார். பக்கத்தில் ஆரிங்டன் என்ற ஊரில் வாடகை வீடு. வாசலுக்கு எதிரே லாரிகள் பறக்கும் சாலை. அதில் அடிபட்டுச் செத்த நாய், பூனைகளை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பின்னால் இருந்த காட்டில் புதைத்து, செல்லப்பிராணிகளின் கல்லறை என்று ஆங்கிலத்தில் ஒரு பலகையும் எழுதி வைத்திருந்தார்கள். எழுத்துப்பிழையோடு. நம் பிள்ளைகள் கல்லறையைக் 'கள்ளரை' என்று எழுதினால் எப்படியிருக்கும், அப்படி. அந்தப் பிழையைத் திருத்தாமல்தான் கிங் நாவலுக்குப் பெயர் வைத்தார்.

அவர் மகளின் பூனையும் அந்தச் சாலையிலேயே போனது. கடவுளுக்குப் பூனை வேண்டுமென்றால் அவரே ஒன்று வளர்த்துக்கொள்ளட்டும் என்று அந்தப் பெண் கத்தி அழுதாள். நாவலில் எல்லி என்ற சிறுமி அதையேதான் சொல்லி அழுகிறாள். அப்புறம் ஒருநாள் கிங்கின் சின்ன மகன் சாலையை நோக்கி ஓடினான். அப்பா ஓடிப்போய்ப் பிடித்துவிட்டார். பிடிக்காமல் போயிருந்தால் என்ற நினைப்பிலிருந்து வந்ததுதான் நாவல். எழுதி முடித்ததும், எல்லை தாண்டிவிட்டோம் என்று பயந்து அதை உள்ளே வைத்துவிட்டார். பதிப்பகத்தோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதற்காக 1983ல்தான் வெளியே எடுத்தார்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். லூயிஸ் க்ரீட் ஒரு டாக்டர். மகள் எல்லியின் பூனை லாரியில் அடிபட்டுச் சாகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜட், பிள்ளைகளின் கல்லறைக்கும் அப்பால் இருக்கும் ஒரு பழைய புதைகாட்டுக்கு லூயிஸை அழைத்துப் போகிறார். புதைத்த பூனை மறுநாள் வீடு திரும்புகிறது, மண் நாற்றத்தோடு. அடுத்து அதே சாலையில் இரண்டு வயது மகன் கேஜ்.

மாணவர்கள் இந்த இடத்தில் அவசரப்படுவார்கள். குழந்தை எப்போது திரும்பி வரும், எப்படி வரும் என்று பக்கம் தள்ளுவார்கள். நான் விடுவதில்லை. அதற்கு முன்னால் இருக்கும் பட்டம் விடும் அத்தியாயத்துக்குத் திரும்பக் கூட்டிப் போவேன். மார்ச் மாதம், நல்ல காற்று. சாலைக்கு எதிர்ப்பக்கத்து வயலில் லூயிஸ் மகனுக்குப் பட்டம் விடக் கற்றுக்கொடுக்கிறான். பிணந்தின்னிக் கழுகு உருவத்தில் ஒரு பட்டம். நூலைப் பிஞ்சுக் கையில் கொடுக்கிறான். குழந்தை மழலையில் பட்டம் பறக்குது என்கிறது. அத்தனை சந்தோஷத்துக்கு நடுவே, இன்னும் இரண்டு மாதம்கூட உயிரோடு இருக்கப்போகாத கேஜ் சிரித்தான் என்று போகிறபோக்கில் ஒரு வரி. ஒருமுறை இதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்த மாணவி அந்த வரியில் நின்றுவிட்டாள். நானும் தொடரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் வகுப்பில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

இன்னொரு அத்தியாயம், அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று தொடங்கும். லூயிஸின் விரல்கள் ஓடுகிற பிள்ளையின் சட்டையைப் பிடித்துவிடுகின்றன. கேஜ் வளர்கிறான். நீச்சல் வீரனாகி ஒலிம்பிக் தங்கம் வாங்குகிறான். கடைசியில் பிள்ளையின் தொப்பி, அதில் ரத்தம். இங்கே மாணவர்களை இலக்கணம் பார்க்கச் சொல்வேன். தமிழில் நாம் 'பிடித்திருந்தால்', 'வளர்ந்திருப்பான்' என்றுதான் சொல்வோம். கிங் அந்த 'இருந்தால்' எதையும் போடவில்லை. நடந்து முடிந்ததைச் சொல்வது போலவே சொல்லிக்கொண்டு போகிறார். துக்கத்தில் இருப்பவன் மனதில் 'இருந்தால்' என்ற சொல்லே உதிர்ந்துபோகிறது. நாமும் அதோடு போய், தொப்பியைப் பார்த்ததும் விழிக்கிறோம். லூயிஸ் மண்வெட்டி எடுக்கும்போது 'வேண்டாம்' என்று நம்மால் முழுமனதோடு சொல்ல முடியாமல் போவது இதனால்தான். போன பூனை எப்படித் திரும்பி வந்தது என்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். தெரிந்தும் தோண்டட்டும் என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறதே, நாவலின் பயங்கரம் அங்கே இருக்கிறது.

சிலர் மனநல மருத்துவர் கூப்ளர்-ராஸ் சொன்ன துக்கத்தின் ஐந்து நிலைகளை, மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடிகிறவற்றை, எடுத்துவந்து லூயிஸுக்கு ஒட்டிப் பார்ப்பார்கள். 1969ல் வந்த அந்தப் புத்தகம், சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசி எழுதியது. பிள்ளையை இழந்தவனுக்கு அப்படியே பொருந்தாது. மேரி ஷெல்லியைப் படிக்கச் சொல்வது மேல். 1815ல் முதல் குழந்தையை இழந்தபின், அதை நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்ததாகக் கனவு கண்டு நாட்குறிப்பில் எழுதினார். 1818ல் அவருடைய 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல் வந்தது, செத்த உடலுக்கு உயிர் கொடுக்கிறவனின் கதை.

ஒரு குறையையும் மறைக்காமல் நடத்த வேண்டும். அந்தப் புதைகாட்டை மிக்மாக் பழங்குடிகளுடையது என்கிறார் கிங். மிக்மாக் மக்கள் இன்றும் மெய்னில் வாழ்கிறார்கள். அவர்களில் ஒரு பிரிவை அமெரிக்க அரசு 1991ல் அங்கீகரித்தது. நாவலிலோ ஊரின் சாபத்துக்கு அவர்கள் நிலம்தான் காரணம். பேச ஒருவர்கூட இல்லை. துக்கத்தை இவ்வளவு கூர்ந்து பார்த்தவர் இதைப் பார்க்காமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

கடைசியாக, ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதில் ஒரு குழந்தை சாகிறது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கதை கெட்டுப்போகாது. கிங்கே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். வீட்டில் சமீபத்தில் சாவு விழுந்த பிள்ளை வகுப்பில் இருக்கலாம். அவனுக்கு வேறு புத்தகம் கொடுங்கள், மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள்.

முடிவில் லூயிஸ் தனியாகச் சீட்டாடிக்கொண்டிருக்கிறான். முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம். தோளில் ஒரு குளிர்ந்த கை. செத்தபின் அதே புதைகாட்டில் அவன் புதைத்துவிட்டு வந்த மனைவி, மண் நிரம்பிய குரலில் ஒரே ஒரு சொல் சொல்கிறாள். வீட்டில் தினமும் கூப்பிடுகிற அன்பான சொல்தான். அதை மட்டும் நான் வகுப்பில் சத்தமாக வாசிப்பதில்லை. அவரவர் புத்தகத்தில் அவரவரே படித்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.