ரவுண்டு கூடக் கூட ஓட்டம் ஏன் மந்தமாகிறது?

[காட்சி: தருமபுரி, விடியற்காலை. மைதானத்தைச் சுற்றி ஓடும் இளைஞர்கள்.]

குரல்: காவலர் தேர்வின் உடற்திறன் சுற்றில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வு முடிவு வந்துவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மைதானங்கள் விடிவதற்குள் நிரம்பிவிடும். காலையில் பத்து ரவுண்டு, மாலையில் பத்து ரவுண்டு. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் நேரம் குறைவதற்குப் பதில் கூடியிருக்கிறது! "தம் போதவில்லை" என்று மாஸ்டர் இன்னும் ஐந்து ரவுண்டு சேர்ப்பார். மூச்சைக் குறை சொல்லும் முன் காலைப் பாருங்கள்.

[காட்சி: தரையில் பதியும் பாதம், ஸ்லோ மோஷனில்.]

இந்த வேகத்தில் ஒரு பாதம் தரையில் இருப்பது ஏறக்குறைய கால் நொடி. அதற்குள் உடல் எடையைப் போல் இரு மடங்குக்கும் மேலான விசையைக் கால் தாங்குகிறது. கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் வில்லைப்போல் இழுபட்டு, அப்போது சேரும் ஆற்றலில் ஒரு பங்கைத் திருப்பித் தருகின்றன. ஆற விடாமல் நாள்தோறும் விரட்டினால் தசை இழைகளில் நுண்காயங்கள் சேரும்; தசையிலுள்ள மாவுச்சத்து வற்றும். பிறகு முழங்கால் கூடுதலாக மடங்கி, இடுப்பு தாழ்ந்து, பாதம் தரையில் தங்கும் நேரம் நீளலாம்.

[காட்சி: திரையில் கணக்கு.]

அடிக்கு 1.25 மீட்டர் என்றால் 1500 மீட்டருக்கு 1200 அடி. மற்றவை மாறாமல், ஒவ்வோர் அடியும் நொடியில் நூறில் ஒரு பங்கு அதிகம் தங்கினாலே 12 நொடி போய்விடும். 6 நிமிடம் 55 நொடியில் முடித்தவர் 7 நிமிடம் 7 நொடியில் வந்து நிற்பார். வேலை போயிற்று.

இன்னொரு பொறியும் உண்டு. மிகவும் களைத்தவருக்கு அதே வேகத்தில் இதயத்துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தும் இருக்கலாம். கைக்கடிகாரம் அதை முன்னேற்றம் என்று பாராட்டும்; நம்பாதீர்கள்.

[காட்சி: தரையோரம் வைத்த போன்.]

நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் போன் போதும். ஓய்வெடுத்த நாளிலும் களைத்த நாளிலும் ஒரே வேகத்தில் ஓடி, பாதம் பட்டதிலிருந்து எழும்வரை பிரேம்களை எண்ணுங்கள். பத்து அடிகளின் சராசரியை எடுங்கள். இரண்டு, மூன்று பிரேம் கூடியிருந்தால் அதுதான் அந்த நூறில் ஒரு பங்கு.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். கேழ்வரகுக் களியையும் குறைக்க வேண்டாம். வற்றிய மாவுச்சத்து நிரம்புவது இந்த நாள்களில்தான். அதன்பிறகும் கால் கனத்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரிடம் போங்கள்.