ஹவுரா பாலம்: ஆற்றில் ஒரு தூண்கூட இல்லாமல் நிற்பது எப்படி?

[காட்சி: ஆற்றின் நடுவே படகிலிருந்து பாலத்தின் அடிப்பக்கம்]

கொல்கத்தாவில் ஃபெர்ரியில் ஏறி ஹூக்ளியைக் கடக்கும்போது தலைக்கு மேலே பாருங்கள். இந்தக் கரைக் கோபுரத்துக்கும் அந்தக் கரைக் கோபுரத்துக்கும் இடையே 457 மீட்டர். தண்ணீருக்குள் ஒரு தூண் கிடையாது. பஸ், லாரி, டாக்ஸி, தலைச்சுமைக்காரர்கள் என்று ஓயாமல் மேலே போகும் இந்தப் பாரமெல்லாம் எந்த வழியாக மண்ணுக்கு இறங்குகிறது?

தூண் வைக்காததற்குக் காரணம் ஆறுதான். ஹூக்ளியில் கடல் ஏற்றவற்றம் உண்டு, வண்டலும் அதிகம். நடுவில் தூண் நட்டால் ஓட்டம் தடைபட்டு வண்டல் படியும், கப்பல்பாதை தூர்ந்துபோகும். 1874-இல் வந்த முந்தைய பாலம் மிதவைப் பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதியை விலக்கி வழிவிட வேண்டும். அதுவரை வண்டிகள் கரையில் காத்துக் கிடக்கும்.

[காட்சி: கிணற்று ஏற்றம், அதன்மேல் பாலத்தின் கோட்டுப்படம்]

கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கால், மேலே துலா, ஒரு நுனியில் சால், மறு நுனியில் கல். இந்தப் பாலம் எதிரெதிரே நிற்கும் இரண்டு ஏற்றங்கள். கோபுரம்தான் கால். கரைப்பக்கக் கை 99 மீட்டர், ஆற்றுப்பக்கக் கை 142.7 மீட்டர். ஆற்றுக் கைகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. அவற்றின் நுனிகளில் 172 மீட்டர் நடுத்துண்டு தொங்குகிறது. ஆற்றுப்பக்கம் இவ்வளவு கனம் என்றால் கரை நுனி மேலே எழும்பத்தான் பார்க்கும். அதை எழும்பவிடாமல் மண்ணோடு கட்டிப் பிடிப்பதற்குத்தான் கரையில் நங்கூர அடித்தளம். அதையும் பாரம் தாங்கும் கால் என்றே பலர் நினைக்கிறார்கள். அதன் வேலை கீழே இழுத்துப் பிடிப்பது.

அமுக்கத்தை வாங்குவது கோபுரத்தின் அடியிலுள்ள கிணற்று அஸ்திவாரம். ஒவ்வொன்றும் 55.3 மீட்டர் நீளம், 24.8 மீட்டர் அகலம், உள்ளே 21 குழிகள். குழிக்குள் மண்ணை அள்ள அள்ள, தன் எடையாலேயே அது இறங்கும். ஒரு பக்கம் கூடுதலாக அள்ளினால் சாய்ந்துவிடும், நிமிர்த்துவது பெரும்பாடு. அடிமண் சட்டென விட்டுக்கொடுத்தாலும் ஆபத்து. ஓர் இரவு அப்படித்தான் மொத்த அமைப்பும் இரண்டடி ஒரே மூச்சில் இறங்கியது. அந்த அதிர்வு கொல்கத்தாவின் கிதர்பூர் பகுதியில் இருந்த நிலநடுக்கமானியில் பதிவானது.

அதன்பின் கைகளின் மேல்விளிம்பில் ஊர்ந்துபோகும் கிரேன்கள் முன்னால் ஒரு துண்டைப் பொருத்தி, அதன்மேல் நகர்ந்து அடுத்த துண்டைப் பொருத்தின. கடைசியில் நடுத்துண்டின் இரு பாதிகளையும் சேர்க்க, தலா 800 டன் திறனுள்ள 16 ஹைட்ராலிக் ஜாக்குகள் தேவைப்பட்டன. மொத்த எஃகு 26,500 டன். அதில் 23,000 டன் டாடாவின் ஆலை கொடுத்தது. 1943 பிப்ரவரியில் பாலம் திறந்தது.

பிணைப்பெல்லாம் ரிவெட் என்னும் எஃகு ஆணிகள். பழுக்கக் காய்ச்சி, துளையில் செருகி, மறுமுனையை அடித்துத் தலையாக்குவார்கள். ஆறும்போது ரிவெட் சுருங்கித் தகடுகளை இறுக்கிக்கொள்ளும். தளர்ந்த ரிவெட்டைச் சுத்தியலால் தட்டியே பிடித்துவிடலாம். நல்லது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும். தலையைச் சுற்றித் துருநீர் வழிந்த கோடு இருந்தால் தட்டாமலே சந்தேகப்படுங்கள்.

வெயிலில் பாலம் நாலடி நீளும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். 457 மீட்டருக்கு 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தாலும் சுமார் 16 சென்டிமீட்டர்தான் வருகிறது. கைகளும் நடுத்துண்டும் சேரும் இடத்து விரிவு இணைப்புகள் இருப்பது இந்த அசைவுக்காகத்தான். அங்கே குப்பை அடைத்தால் நீள இடமின்றி அழுத்தம் எஃகில் ஏறும்.

[காட்சி: நடைபாதை ஓரம், தொங்கு கம்பத்தின் அடி, நெருக்கத்தில்]

இனி இந்த வீடியோவின் முக்கியமான இடம். சாலைத் தளம், மேலே உள்ள எஃகுச் சட்டகத்திலிருந்து இறங்கும் 39 ஜோடித் தொங்கு கம்பங்களில் தொங்குகிறது. அவற்றின் அடி நடைபாதையை ஒட்டி, ஆள் துப்பும் உயரத்தில் இருக்கிறது. பான் எச்சில் கம்பத்தில் வழிந்து மூலையில் தேங்கும். மேலே தூசி ஒட்டும். அந்தச் சேறு ஈரத்தையும் உப்பையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். பெயின்ட் உரிந்த இடத்தில் துரு நுழைந்தால் வெளியே தெரியாமலே தின்னும். அடியைக் காக்கும் எஃகு உறைகள் சில ஆண்டுகளிலேயே 6 மில்லிமீட்டரிலிருந்து 3-க்கும் கீழே தேய்ந்ததை, பாலத்தைப் பராமரிக்கும் கொல்கத்தா துறைமுகத்தின் பொறியாளர்கள் அளந்து சொன்னார்கள். பறவை எச்சமும் இதே சேதத்தை மேலே செய்கிறது.

இப்போது அடியில் கண்ணாடியிழை உறை போட்டிருக்கிறார்கள். எளிதில் கழுவலாம், நல்ல ஏற்பாடு. ஆனால் உறைக்குப் பின்னால் தண்ணீர் இறங்கினால் யார் கண்ணிலும் படாது. அதனால் உறையைக் கழற்றிக் கழுவி, துருவைச் சுரண்டி, அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் தடிமனை அளந்து, முந்தைய அளவோடு ஒப்பிட்ட பிறகுதான் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். துருவின் மேலேயே அடித்தால் ஒரு மழைக்காலம்கூட நிற்காது.