ஆறு மூடும் நாளில் எரிய வேண்டிய அடுப்பு

(பென்னாகரத்தில், சுயதொழில் தொடங்கவிருக்கும் இளைஞர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை. கேட்டவர்கள் சிலர் விரும்பியதற்கிணங்க எழுத்தாக்கித் தருகிறேன்.)

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, எத்தனையோ பணிகளுக்கிடையே வந்திருந்து முன்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் தொழில் துறை அலுவலர் அவர்களே, பேரூராட்சி மன்றத்தின் மாண்புமிகு உறுப்பினர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்துதவிய வணிகப் பெருமக்களே, கிருஷ்ணகிரியிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் புறப்பட்டு வந்திருக்கும் மாங்கனிக் கடைச் சகோதரர்களே, ஒகேனக்கல் அருகே ஊட்டமலையிலிருந்து வந்திருக்கும் பரிசல் ஓட்டிகளே, ஆற்றங்கரையில் மீன் சமைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்களே, தொழில் தொடங்கும் கனவோடு வந்திருக்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்கு முன் பேசிய பேராசிரியர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்னவை அவருடைய பெருந்தன்மையைக் காட்டுகின்றன. அணிவித்த பொன்னாடையை, இங்கே வந்திருப்பவர்களில் வயதில் மூத்த பரிசல் ஓட்டிக்கு அணிவிக்குமாறு விழாக் குழுவினரைக் கேட்டுக்கொண்டேன். அவர்களும் அன்போடு இசைந்தார்கள். மலைப் பிளவில் விளைந்த அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்த அதியமானின் தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, இது. 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. வரைபடத்தில் எத்தனை கோடு போட்டாலும், வெயிலிலும் மழையிலும் நின்று பிழைக்கிறவர்களின் பாடு இரு மாவட்டத்திலும் ஒன்றுதான் என்பதற்கு இந்த அவையே சான்று.

எனக்குத் தரப்பட்ட பொருள், திறந்த வெளியில் சிறுதொழில் தொடங்கியவர்களின் சொந்தக் கதைகள் என்பதாகும். பரிசல் விடுகிறவர், மலையேற்ற வழிகாட்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் மாங்கனி குவித்து விற்பவர், கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணைக்கருகே மீன் பொரிப்பவர், நுங்கு வெட்டித் தருகிறவர் என்று இந்தப் பட்டியல் நீளும். இவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு, கிடைத்த விடைகளை உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். தொழிலுக்கு முதல் எங்கிருந்து வந்தது என்பது முதற்கேள்வி. இடம் எப்படிக் கிடைத்தது என்பது இரண்டாவது. அடுத்த தலைமுறை அதைத் தொடர்கிறதா என்பது மூன்றாவது.

என் தந்தையார் பள்ளிக்கூடம் பாராதவர். வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் "ஆழம் அறியாமல் காலை விடாதே" என்ற பழமொழியோடுதான் முடிப்பார். இளமையில் அதைக் கோழையின் சொல் என்று எண்ணியிருந்தேன். கூட்டுறவு வங்கி ஒன்றின் நகைக்கடன் பிரிவில் 27 ஆண்டுகள் பேரேடு எழுதிய பிறகுதான், காலை விடப்போகிறவனுக்காகவே அந்தப் பழமொழி பிறந்தது என்பதை உணர்ந்தேன். கரையிலேயே இருந்துவிடப் போகிறவனுக்கு ஆழத்தைப் பற்றி என்ன கவலை?

வெளிநாட்டுக் கதைகள் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லாயிட் ஆண்டர்சன், மேரி ஆண்டர்சன் என்ற கணவன் மனைவி இருவரும் பனிமலை ஏறுவதில் பற்றுள்ளவர்கள். பனியைக் கொத்தி ஏறும் நல்ல கோடரி உள்ளூரில் எட்டாத விலைக்கு விற்றது. ஆஸ்திரியாவிலிருந்து நேரே வரவழைத்தால் மூன்றரை டாலர்தான் ஆகும் என்று கண்டு ஒன்றை வரவழைத்தார்கள். நண்பர்களும் கேட்கவே, 1938-இல் இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் ஆளுக்கு ஒரு டாலர் சந்தா போட்டு ஒரு கூட்டுறவுச் சங்கமாக இணைந்தார்கள். ஆர்.இ.ஐ. என்ற பெயரில் இன்று அந்நாடு முழுவதும் கடைகள் நடத்துவது அந்தச் சங்கமே. அதே நாட்டில் இவோன் ஷுனார்ட் என்ற இளைஞர் 1957-இல் பழைய உலைக்களம் ஒன்றை வாங்கி, கொல்லர் வேலையைத் தாமே கற்று, பாறையில் அறையும் முளைகளைச் செய்து, தம் காரின் பின்புறத்திலேயே வைத்து விற்றார். பின்னாளில், தம் முளைகளே பாறையைச் சிதைக்கின்றன என்று கண்டபோது, நன்றாக விற்றுக்கொண்டிருந்த அந்தப் பொருளைக் குறைத்துக்கொண்டு, பாறைக்குத் தீங்கு செய்யாத அலுமினியக் கட்டைகளுக்கு மாறினார். தாமே ஏறிய மலையில் தாமே கண்ட குறைக்குப் பொருள் செய்தவர்கள் இவர்கள். ஆழத்தைத் தம் காலாலேயே அளந்தவர்கள்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இதை விரிவாகச் சொல்ல வேண்டும். அவைத் தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஊட்டமலையைச் சேர்ந்த ஒரு சகோதரி. பெயரைச் சொல்ல மாட்டேன்; கதையைச் சொல்ல அவரே இசைவு தந்திருக்கிறார். அவருடைய கணவர் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். தூசியால் இருமல் பற்றிக்கொண்டது. "மூச்சு விடவாவது ஊருக்குப் போவோம்" என்று 2012-இல் திரும்பி வந்தார்கள். மாமனார் பரிசல் ஓட்டியவர். அவருடைய பழைய பரிசலின் மூங்கில் பிளாச்சுகள் உளுத்துப் போயிருந்தன. புதிதாக மூங்கில் வாங்கி, பிளந்து, முடைந்து, அடியில் நீர் புகாதபடி உறை போட்டுத் தார் பூச வேண்டும். அதற்காக அந்தச் சகோதரி காதிலிருந்த தோட்டைக் கழற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். மதிப்பீட்டாளர் எடை பார்த்தார், நான்கு கிராம். 8,000 ரூபாய் கடன். தொழிலுக்கு முதல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை அதுதான். அந்த விடையைப் பேரேட்டில் எழுதியது என் கை.

பரிசல் ஆற்றில் இறங்கியது. ஐந்து மாதத்தில் தோட்டை மீட்டார். நானும் மகிழ்ந்தேன். மறு ஆண்டு ஆடி மாதம் மீண்டும் வந்தார். "என்னம்மா, பரிசல் உடைஞ்சு போச்சா?" என்று கேட்டேன். "பரிசல் நல்லா இருக்குதுங்க ஐயா. ஆத்தைத்தான் மூடிட்டாங்க" என்றார். கர்நாடகத்தில் கபினி அணையும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டால், மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் காவிரியின் நீர்வரத்தை அளந்து சொல்கிறார்கள். வெள்ளம் கூடினால் பரிசல் இயக்கத் தடை வருகிறது. ஒரு வாரமா, மூன்று வாரமா என்பதை அணைகளும் மழையும் முடிவு செய்யும். பரிசல் கரையில் கவிழ்ந்து கிடக்கும். அடுப்பு மட்டும் தினமும் எரிந்தாக வேண்டும்.

அந்தத் தோடு 7 ஆண்டுகளில் 11 முறை எங்கள் பெட்டகத்துக்குள் போய்த் திரும்பியது. ஒரு நாள் மாலை, பேரேட்டில் அந்தக் கணக்கின் தேதிகளைத் தனித்தாளில் எழுதி, நான் சேர்த்து வைத்திருந்த செய்தித்தாள் துணுக்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒகேனக்கல்லில் எப்போதெல்லாம் தடை என்று செய்தி வந்திருந்ததோ, அதற்கு ஐந்தாறு நாள் கழித்துத் தோடு உள்ளே வந்திருந்தது. 2018-இல் நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டிய அந்தப் பெருவெள்ளத்தின்போது, அந்தத் தோட்டோடு மூக்குத்தியும் சேர்ந்து வந்திருந்தது. காவிரியின் வெள்ள வரலாற்றை ஒரு நகைக்கடன் பேரேட்டிலிருந்தே எழுதிவிடலாம் என்று அன்று எனக்குத் தெரிந்தது.

தோடு இல்லாத நாளில் காதுத் துளை தூர்ந்துவிடாதிருக்க அவர் வேப்பங்குச்சியைச் சொருகிக்கொள்வார். ஆறு திறந்திருக்கிறதா என்று அறிய எனக்குச் செய்தித்தாள் தேவைப்படவில்லை. அவர் காதைப் பார்த்தாலே போதும். தடைக் காலத்தில்கூட வெள்ளத்தைப் பார்க்க ஊர்களிலிருந்து மக்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள் என்பதை அவர் கவனித்தார். மூன்று கல்லை வைத்து, மண்சட்டி ஒன்றையும் அம்மிக்கல் ஒன்றையும் இரவல் வாங்கி, வருகிறவர்கள் வாங்கித் தரும் மீனைச் சமைத்துக் கொடுக்கத் தொடங்கினார். அவருடைய இரண்டாவது தொழில் அப்படித்தான் பிறந்தது. ஒரு நாள் பெங்களூரிலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தி, மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, அவருடைய காதையே பார்த்துக்கொண்டிருந்து, "அக்கா, இந்தக் குச்சிக் கம்மல் ரொம்ப அழகா இருக்கு, எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டாளாம். இவர் கரண்டியைக் கீழே வைக்காமலே, "ஆத்துல தண்ணி கூடுனா இந்த ஊர்ல எல்லாருக்கும் கிடைக்கும் கண்ணு" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரித்தார். நீங்களும் இப்போது சிரித்தீர்கள். அந்தப் பெண் கேட்டதில் குற்றமில்லை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம்.

தொழில் தொடங்கியவர்களின் கதையை யார் எழுதினாலும், துணிந்து போட்ட முதல், முதல் நாள் விற்பனை, பிறகு வந்த வளர்ச்சி என்று எழுதுகிறார்கள். மூடியிருந்த நாட்களை யாரும் எழுதுவதில்லை. கூரையுள்ள கடைக்காரர் மழை நாளில் விற்பனை குறைந்தது என்பார்; கூரையில்லாத தொழிலாளிக்கு அந்த நாளே இல்லாமல் போகிறது. மாங்கனிச் சகோதரர்களைக் கேளுங்கள்: பெங்களூராவும் செந்தூராவும் சாலையோரம் குவிந்து கிடக்கும் இரண்டு மூன்று மாதத்தில்தான் அவர்களுடைய ஆண்டு வருமானம் இருக்கிறது, நான்கு நாள் விடாத மழை அதில் பாதியை அழுகச் செய்துவிடும். 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, காட்டோரச் சிற்றூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது. மிக நல்ல முயற்சி, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் காட்டுத்தீப் பருவத்தில் பாதைகளை மூடத்தான் வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 23 பேரைக் காட்டுத்தீயில் இழந்த பிறகு, மூடுவது தவறு என்று எவரும் சொல்ல மாட்டார். அந்த வாரங்களில் வழிகாட்டியின் வீட்டு அடுப்பு எரிவதற்கு வழி என்ன என்பதையே நான் கேட்கிறேன்.

தடையை நான் எதிர்க்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். வெள்ளத்தில் பரிசல் விடக் கூடாது. ஆழம் அறியாமல் காலை விடாதே என்று அரசு நமக்குச் சொல்வது நம் உயிர் மேல் உள்ள அக்கறையால். அதே அக்கறையோடு, காலை எடுத்துக்கொண்டவன் வீட்டின் ஆழத்தையும் அளந்து பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இதற்கு முன்மாதிரி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்தக் காலத்துக்காக மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தரப்படுகிறது. மீன் வளம் காக்கக் கடலை மூடும்போது கரையிலிருப்பவனை மறக்கக் கூடாது என்று நம் அரசு ஏற்றுக்கொண்ட அறம் அது. அந்த அறம் கடற்கரையோடு நின்றுவிடாமல் காவிரிக் கரைக்கும் நம் பக்கத்து மேலகிரி மலைக் காட்டுக்கும் வரட்டும்.

நாங்கள் கேட்பது எளியது. ஆற்றையோ காட்டையோ மூடும் ஆணை எழுத்தில் வெளிவரும் அதே நாளில், அங்கே பதிவு பெற்ற ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் மூடிய நாட்கள் கணக்கில் ஏற வேண்டும்; ஏழு நாளைத் தாண்டினால், நாளொன்றுக்கு இவ்வளவு என்று அவருடைய வங்கிக் கணக்கில் நிவாரணம் சேர வேண்டும். சுற்றுலாப் பயணிகள் செலுத்தும் கட்டணங்களிலிருந்து ஒரு சிறு பங்கைத் தனி நிதியாக ஒதுக்கினால் இதற்குத் தொடக்கம் கிடைத்துவிடும். பரிசல் ஓட்டிக்கு மட்டும் இது என்று வைக்கக் கூடாது. மீன் சமைக்கும் பெண்களும், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளிகளும், அதே கரையில் அதே நாளில்தான் வருமானம் இழக்கிறார்கள்.

இடம் பற்றிய இரண்டாவது கேள்வியையும் இதோடு சேர்த்துத் தொட்டுவிடுகிறேன். தெரு வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. தெரு வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் பத்தில் நான்கு இடம் வியாபாரிகளுக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றெல்லாம் அதில் நல்ல விதிகள் உண்டு. ஆனால் அது நகரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம். ஊராட்சி எல்லையிலுள்ள ஆற்றங்கரையில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியவரின் கையில், இது உன் இடம் என்று சொல்லும் சான்று வேண்டும். சான்று இருந்தால்தான் பதிவு. பதிவு இருந்தால்தான் மூடிய நாள் நிவாரணம். மூன்றாவது கேள்விக்கு நேரம் போதவில்லை. பிள்ளைகள் தொடர்கிறார்களா என்பதை அவர்களையே ஒரு மேடையில் பேச வைத்துக் கேட்பதே முறை என்றும் தோன்றுகிறது.

தொழில் தொடங்கப்போகும் இளைஞர்களுக்கு, பேரேடு எழுதியவன் என்ற முறையில் ஒரு சொல். கூடாரம் வாங்கவும் மிதிவண்டி வாங்கவும் திட்டம் போட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. கடன் விண்ணப்பத்தில் ஆண்டுக்கு 365 நாள் வருமானம் என்று எழுதாதீர்கள். இந்த ஊரில் உங்களுக்கு முன்னால் அதே தொழிலைச் செய்தவரிடம் போய், ஆண்டில் எத்தனை நாள் மூடிக் கிடந்தது என்று கேட்டு, அந்த எண்ணைக் கழித்துவிட்டு எழுதுங்கள். ஆழம் அறிவது என்றால் அதுதான்.

மண்டபத்தின் வாயிலருகே ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதில் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கான கோரிக்கை மனுவும் கையெழுத்துத் தாள்களும் உள்ளன. கையெழுத்திடும்போது, உங்கள் தொழிலின் பெயரையும், கடந்த ஆண்டு நீங்கள் வேலையின்றி இருந்த நாட்களையும், நினைவிலிருக்கும் தேதிகளோடு எழுதிவிடுங்கள். பேனா கொண்டு வராதவர்களுக்கு அங்கே பேனா இருக்கிறது. எழுதத் தெரியாத தாய்மார்கள் சொன்னால் எழுதித் தர நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட அவைத் தலைவர் அவர்களுக்கும், அலுவலர் அவர்களுக்கும், உங்கள் அனைவருக்கும் என் நன்றி. வணக்கம்.