பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் வாங்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். டர்போ வைத்த காரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டர்போவா, அது ரேஸ் வண்டியில் அல்லவா இருக்கும் என்பீர்கள். இல்லை. 2007-இல் வந்த ஸ்விஃப்ட் டீசலிலும் டர்போ உண்டு, டாடா நெக்ஸான் பெட்ரோலிலும் உண்டு. உங்கள் தெருவிலேயே நாலு வண்டி நிற்கும்.

டர்போ என்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. இன்ஜினில் இருந்து வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். வண்டியை விரட்டும்போது நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றையும் தாண்டும். அந்த வேகத்தில் தண்டைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய ஆயில் படலம்தான். அதனால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், ஆயிலைப் பாருங்கள். ஆயில் மாற்றிய பில் வரிசையாக இருக்கிறதா? பல வண்டிகளுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று கணக்கு. நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் அப்போதே யோசியுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். டீசல் வண்டியில் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவி, "ஐயோ, ஆயில் கறுப்பு" என்று ஓடிவிடாதீர்கள். டீசலில் புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும். அளவு குறைந்திருந்தால்தான் கவலை.

இப்போது என் மச்சினன் கதை. "மாமா, வண்டி கண்ணாடி மாதிரி இருக்குது" என்று ஒரு டீசல் காரைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனான். காலை ஏழு மணி. நான் முதலில் பானெட்டில் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. கேட்டால், உரிமையாளர் பால் வாங்கப் போய் வந்தாராம். பால் பூத் எதிர்வீட்டுத் திண்ணையை ஒட்டி இருக்கிறது! சரி என்று சிரித்துவிட்டு வந்தோம். மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆறு மணிக்கே போய் நின்றோம். பானெட் சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் பின்னால் நீலப்புகை, கொசு மருந்து வண்டி போன மாதிரி. ஒரு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. முந்தின நாள் அந்த ஒரு நிமிடத்தை நாங்கள் வருவதற்கு முன்பே முடித்துவைத்திருக்கிறார்.

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் கசியாமல் அடைக்கிற டர்போ சீல் போயிருக்கலாம், இன்ஜின் வால்வ் சீலும் போயிருக்கலாம். எதுவானாலும் செலவு வாங்குகிறவருக்கு. அதனால் திரும்பவும் சொல்கிறேன்: வண்டி சூடாவதற்கு முன் போங்கள், பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஓட்டிப் பார்ப்பது. காலி ரோட்டில் ஒரு சுற்று போதாது. மேம்பாலமோ மலை அடிவாரமோ, ஏற்றம் வேண்டும். நாலு பேர் ஏறிக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் ஒரு தள்ளு கிடைக்க வேண்டும். தள்ளு இல்லாமல் கரும்புகை வந்தால், காற்றுக் குழாய் எங்கோ கசியலாம். அது சின்னச் செலவாகவும் முடியும். மெல்லிய விசில் சத்தம் டர்போவுக்கு இயல்பு. ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்கினால் ஆகாது.

வேகமாக ஓட்டி வந்ததும் உரிமையாளர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். வந்த வேகத்தில் சாவியைத் திருகி அணைக்கிறாரா, அரை நிமிடம் ஐடிலில், அதாவது நின்ற இடத்தில் இன்ஜினைச் சும்மா ஓட விடுகிறாரா? சட்டென்று அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, சூட்டில் டர்போவுக்குள்ளேயே கருகும். அவர் கைப்பழக்கம் சர்வீஸ் புக்கில் எழுதியிருக்காது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிடம்தானாம். ஸ்கேனர் போட்டு வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் பார்ப்பதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முடியாது. உங்கள் மெக்கானிக்கிடம் சொன்னால் அவரே செய்வார். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள். வணக்கம்.